கொழுந்துக் கணக்கு மென்பொருளுக்கு என்ன விலை வைப்பது?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நண்பரும் சேர்ந்து, சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தேயிலை பெக்டரிகளுக்காக ஒரு மென்பொருள் செய்திருக்கிறார்கள். லொறியில் போகிறவர் கையில் ஒரு போன், அதோடு புளூடூத்தில் இணைந்த டிஜிட்டல் தராசு. நிறுவை முடிந்ததும் எடை பதிவாகிறது, கொழுந்து கொடுத்தவருக்கு எஸ்.எம்.எஸ். போகிறது, மாத முடிவில் முற்பணம், உரம், தேயிலைத் தூள் எல்லாம் கழித்துக் கணக்கு தயாராகிவிடுகிறது. மூன்று பெக்டரிகள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கின்றன. இனி காசு கேட்க வேண்டும். மாதம் 5,000 ரூபாவா, கிலோவுக்கு 25 சதமா, ஒரேயடியாக 3 இலட்சமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பெக்டரிக் கணக்கறைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் வேலையில்தான் நானும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றில் எதையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆனால் மூன்றையும் ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் சரியான விலை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முதலில் அந்த 5,000. இது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. பெக்டரிக்காரர் தெரிந்தவர், ஊர்க்காரர், அதிகம் கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். சரி, செலவை மட்டும் பார்ப்போம். ஒரு பெக்டரிக்கு 1,200 பேர் கொழுந்து கொடுக்கிறார்கள், ஒவ்வொருவரும் மாதத்தில் ஆறு தடவை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,200 எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு ஒரு ரூபா என்று போட்டாலே உங்கள் 5,000 முடிந்து, அதற்கு மேலும் கையிலிருந்து போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து வரை இடம் உண்டு. தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘உங்கள் கொழுந்து நிறை’ என்று தொடங்கி, திகதி, மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று நாலு விஷயம் சொன்னால் அது இரண்டு எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகும். 7,200 இப்போது 14,400. இதற்கு மேல் சேர்வர் செலவு, மழை நாளில் வலப்பனைப் பக்கம் தராசு இணையவில்லை என்று அழைப்பு வந்தால் போய்வரும் செலவு, உங்கள் இருவரின் சம்பளம். 5,000 என்பது விலையே இல்லை. ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்காசை பெக்டரிக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது.

ஆனால் செலவைக் கூட்டி அதன்மேல் இலாபம் வைப்பதும் சரிவராது. செலவு சொல்வது, இதற்குக் கீழே இறங்காதே என்பதை மட்டுந்தான். மேலே எவ்வளவு போகலாம் என்பது, இந்த மென்பொருளால் பெக்டரிக்கு என்ன மாறுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் பெக்டரி முகாமையாளரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘நிறுவையில் பிழை வராது, கிளாக்கர்மாருக்கு வேலை மிச்சம்.’ இதைக் கணக்காக்கிப் பாருங்கள். மாதம் 150,000 கிலோ கொழுந்து, கிலோ 200 ரூபா என்றால் 3 கோடி ரூபா அந்தக் கணக்கறை வழியாகக் கைமாறுகிறது. அதில் அரை வீதம் பிழை என்றாலும் ஒன்றரை இலட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிழை யார் பக்கம் சாய்ந்திருந்தது என்று யோசித்தீர்களா? 17 கிலோ 600 கிராமை 17 என்று எழுதுவது, சாக்குக்கு இரண்டு கிலோ, மழை என்றால் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் என்று கண்மட்டத்தில் கழிப்பது. இந்தப் பழக்கம் இருக்கிற இடத்தில் பிழை பெரும்பாலும் பெக்டரிக்குச் சாதகமாகவே விழும். உங்கள் தராசு வந்தால் அந்த 600 கிராமுக்கும் காசு கொடுக்க வேண்டும். அப்படியானால், துல்லியத்துக்காகக் காசு கேட்கிறீர்கள், அந்தத் துல்லியம் அவருக்கு இன்னொரு செலவு. முகாமையாளர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘அடுத்த மாதம் பார்ப்போம் தம்பி’ என்பார்.

அப்படியென்றால் பெக்டரிக்கு உண்மையான இலாபம் எதில்? கொழுந்து வருவதில். கொழுந்து வாங்கும் பெக்டரிகளின் தலைவலி அதுதான். ஒரே ரோட்டில் இரண்டு மூன்று பெக்டரிகளின் லொறிகள் ஓடுகின்றன. தோட்டக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வேறு லொறியை நிறுத்திவிடுவார். தேயிலை விற்ற தேறிய விலையில் கொழுந்து கொடுத்தவருக்கு 68 வீதம், பெக்டரிக்கு 32 வீதம் என்ற பங்கீடு ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது. அதனால் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்து ஆட்களை இழுக்க ஒரு பெக்டரிக்கு அதிக இடமில்லை. மிஞ்சுவது நம்பிக்கை. யார் எடையை ஒழுங்காகப் போடுகிறார், யார் கணக்கை ஒளிக்காமல் காட்டுகிறார் என்பதை வைத்துத்தான் ஆட்கள் லொறியை மாற்றுகிறார்கள்.

இதையும் கணக்காக்கலாம். கிலோ 200 ரூபா என்பது 68 பங்கு என்றால், 32 பங்கு கிட்டத்தட்ட 94 ரூபா. உங்கள் மென்பொருளைப் பார்த்து நம்பி, புதிதாகச் சிலர் வந்து மாதம் 5,000 கிலோ கொழுந்து கூடுகிறது என்று வைப்போம். பெக்டரியின் பங்கு 470,000 ரூபா. விறகும் மின்சாரமும் கொஞ்சம் கூடும். ஆனால் முகாமையாளர் சம்பளம், வங்கிக் கடன், இயந்திரத் தேய்மானம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். கொழுந்தை வாட வைக்கும் தட்டு பாதி வெறுமையாகக் கிடக்கும் பெக்டரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முகாமையாளருக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. புதிதாக யாரும் வராவிட்டாலும், போக இருந்தவர்கள் போகாமல் நின்றால் அதே கணக்குத்தான்.

ஆகவே நீங்கள் விற்பது கொழுந்து கொடுப்பவரின் நம்பிக்கையை. விலை பற்றிய மற்ற எல்லா முடிவுகளையும் இதிலிருந்து எடுங்கள்.

இப்போது கிலோவுக்கு 25 சதம். பாவிக்கிற அளவுக்குக் கட்டணம் என்பது உலகம் முழுக்க நன்றாக ஓடுகிற முறை. அமேசான் 2006இல் இணையவழித் தரவுச் சேமிப்பகத்தை வாடகைக்கு விடத் தொடங்கியது அந்த வழியில்தான். பெக்டரிக்காரருக்கும் கிலோக் கணக்குப் பழகியது. ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம். முதல் காரணம் பருவம். கொழுந்து கொட்டுகிற ஏப்ரல், மே மாதங்களில் 220,000 கிலோ வந்தால் உங்களுக்கு 55,000 ரூபா. பனியும் வெயிலுமாக மலை காய்ந்து கிடக்கிற பெப்ரவரியில் 80,000 கிலோ என்றால் 20,000. உங்கள் செலவு இரண்டு மாதத்திலும் ஒன்றுதான். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். ஒவ்வொரு கிலோவுக்கும் காசு என்றால், சில லொறிகளை மட்டும் போனில் போட்டு மிச்சத்தைப் புத்தகத்தில் எழுதலாமே என்று கணக்கறையில் யாருக்காவது தோன்றும். அன்றைக்கே கணக்கு இரண்டாகிவிடும், நம்பிக்கையும் போய்விடும். எதை அதிகம் செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அதைக் குறைக்கத் தூண்டுகிற அளவுகோலில் கட்டணம் வைக்கக் கூடாது.

போன் ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்தாலும் இதே கதிதான். மூன்று லொறிக்கு ஒரே போன் சுற்றும்.

கொழுந்து கொடுக்கிற ஆட்களின் எண்ணிக்கைதான் பொருத்தமான அளவுகோல் என்று நினைக்கிறேன். அந்த மாதம் ஒரு தடவையாவது கொழுந்து கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். கொடுப்பனவு ஆள் பேரில் போவதால் இதை மறைப்பது கடினம். பெக்டரி வளர்ந்தால் எண்ணிக்கையும் வளரும், உங்கள் வருமானமும் வளரும். சும்மா பட்டியலில் கிடக்கிற பெயருக்கு அவர் காசு கட்டவும் தேவையில்லை. அலுவலகங்களுக்கான அரட்டை மென்பொருள் விற்கும் ஸ்லாக் நிறுவனம், பாவிக்காமல் இருக்கும் கணக்குகளுக்குக் கட்டணத்தைத் திருப்பி வரவு வைக்கும் முறையைக் கொண்டுவந்து நல்ல பெயர் வாங்கியது. அதே நியாயம் இங்கும் செல்லும். ஆனால் ஒவ்வொரு தலைக்கும் கணக்குப் பார்த்து பில் போடாதீர்கள், மாதா மாதம் வாக்குவாதம் வரும். 300 பேர் வரை, 1,000 பேர் வரை, 2,500 பேர் வரை என்று மூன்று படி போதும். தொடக்கத்துக்கு 12,000, 25,000, 40,000 ரூபா என்று வைத்துப் பேசிப் பாருங்கள். 1,200 பேர் உள்ள பெக்டரிக்கு 40,000 என்றால், 5,000 கிலோ கூடினால் வரும் பங்கில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஐந்நூறு கிலோ கூடினாலே உங்கள் பில்லை ஏறக்குறைய அடைத்துவிடலாம். இந்த ஒரு வரியை முகாமையாளர் கொழும்பில் இருக்கும் உரிமையாளரிடம் போனிலேயே சொல்லிவிட முடியும்.

மூன்று படியிலும் ஒரு விஷயம் மாறக் கூடாது. கொழுந்து கொடுத்தவர் கைக்குப் போகும் செய்தி அவருடைய மொழியில் இருக்க வேண்டும், ஆகக் குறைந்த படியிலும் இருக்க வேண்டும். தமிழையும் சிங்களத்தையும் ‘மேலதிக வசதி’ என்று மேல் படியில் வைத்துக் காசு பார்க்க நினைக்காதீர்கள். மழைக்குள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி வருகிற அம்மாவுக்குத் தன் கொழுந்தின் எடை புரியவில்லை என்றால் இந்த மென்பொருள் எதற்கு? வியாபாரமாகப் பார்த்தாலும் அந்தச் செய்திதான் உங்கள் சரக்கு. எஸ்.எம்.எஸ். செலவு பயமாக இருந்தால் வேறு வழியில் குறைக்கலாம். லொறியில் ஒரு சின்ன புளூடூத் பிரிண்டர் வைத்து ஒவ்வொரு நிறுவைக்கும் அச்சடித்த துண்டு கொடுங்கள். எஸ்.எம்.எஸ். வாரத்துக்கு ஒன்று, மாத முடிவில் ஒன்று. செய்தியை 70 எழுத்துக்குள் சுருக்க உட்கார்ந்து யோசியுங்கள், அந்த ஒரு பின்னேரம் பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும். மேல் படியில் வைக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன: லொறி வழித்தட அறிக்கை, பல கொள்வனவு நிலையங்களை ஒன்றாகப் பார்ப்பது, பெக்டரியின் பழைய கணக்கு மென்பொருளோடு இணைப்பது. இவை உரிமையாளருக்குப் பயன்படுபவை, அவரிடமே காசு கேளுங்கள்.

இன்னொன்று யாராவது கட்டாயம் சொல்வார்கள்: ‘எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள், ஆளுக்கு 30 ரூபா கணக்கில் கழித்துக்கொள்ளலாமே.’ ஒத்துக்கொள்ள வேண்டாம். உரம், முற்பணம், தூள், போக்குவரத்து என்று ஏற்கெனவே நீண்டிருக்கும் கழிவுப் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறினால், தோட்டக்காரர் கண்ணில் நீங்களும் கழிக்கிற ஆள்தான். அப்புறம் உங்கள் தராசை அவர் எப்படி நம்புவார்?

ஒரேயடியாக 3 இலட்சம் என்பதற்கு வருகிறேன். உரிமையாளர்கள் இதைத்தான் விரும்புவார்கள். இயந்திரம் வாங்குவது போல வாங்கிவிட்டால் தலையிடி இல்லை என்று எண்ணுவார்கள். உங்களுக்கும் முதல் இரண்டு மூன்று காசோலைகள் இனிக்கும். ஆனால் போன்கள் மாறும், அன்ட்ரொயிட் மாறும், தராசு மொடல் மாறும், வரி மாறும். புது வாடிக்கையாளர் வந்து கொண்டே இருந்தால்தான் பழையவர்களைக் கவனிக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். கொழுந்து வாங்கும் பெக்டரிகள் எண்ணி முடிக்கக் கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஒரு நாள் புதியவர் இல்லாமல் போவார்.

அதே நேரம், அவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். காசு கட்டத் தவறினால் கணக்கையெல்லாம் பூட்டிவிடுவீர்களோ என்ற பயம் அது. நிரல் எழுதுகிறவர்களுக்கான மென்பொருள் விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் தன் மென்பொருட்களைச் சந்தா முறைக்கு மாற்றுவதாக அறிவித்தபோது பாவனையாளர்கள் கொதித்தார்கள். பிறகு நிறுவனம் இறங்கி வந்து, ஓராண்டு சந்தா கட்டியவர் அதற்குப் பிறகு நிறுத்தினாலும் ஒரு பதிப்பை என்றைக்கும் பாவிக்கலாம் என்று மாற்றியது. நீங்கள் அதைவிடச் சுலபமாக ஒன்று கொடுக்கலாம்: சந்தா நின்றாலும் பழைய கணக்கு முழுவதையும் பார்க்கலாம், எக்ஸெல்லில் எடுக்கலாம், புதிய நிறுவை மட்டும் போட முடியாது. இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். மாதச் சந்தாவுக்கு இருக்கும் எதிர்ப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

ஆரம்ப வேலைக்குத் தனியாக வாங்குங்கள். பழைய பெயர்ப் பட்டியலை ஏற்றுவது, லொறி ஆட்களுக்குப் பழக்கிக் கொடுப்பது, முதல் மாதக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து முடிப்பது, இதெல்லாம் மலை ஏறி இறங்கிச் செய்கிற உடல் வேலை. 75,000 ரூபா கேட்பது நியாயம். யாராவது பேரம் பேசினால் இதில் குறைத்துக் கொடுங்கள், மாதக் கட்டணத்தில் கை வைக்க வேண்டாம். ஆரம்பக் கட்டணம் ஒரு தடவை போவது. மாதக் கட்டணத்தில் விட்டது ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்துப் பெக்டரிக்கும் செய்தி எட்டிவிடும். பண்டாரவளையில் சொன்ன விலை பதுளைக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும்.

டொலரை மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா பக்கம் இருந்தது, மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. சேர்வருக்கு டொலரில் கட்டி, பில்லை ரூபாவில் போட்டவர்கள் அன்று பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பெக்டரிக்கு ரூபாவில்தான் விலை சொல்ல வேண்டும், டொலர் விலை அங்கே எடுபடாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவை விலையை மீளப் பார்க்கும் உரிமையும், நாணய மாற்று விகிதம் ஒரு குறிப்பிட்ட வீதத்துக்கு மேல் நகர்ந்தால் இடையிலும் பேசலாம் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விலைக்குப் பக்கத்தில் ‘வரி நீங்கலாக’ என்றும் எழுதுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இன்று நீங்கள் அதற்குப் பதிவு செய்ய வேண்டிய அளவில் இல்லாவிட்டாலும், வளர்ந்த பிறகு அந்தப் 18ஐ உங்கள் பையிலிருந்து கட்ட நேரக் கூடாது.

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பத்து மாதக் காசு போதும் என்று ஒரு வழி வையுங்கள். காசு முன்னே வரும், பாதியில் விட்டுப் போகிறவர்களும் குறைவார்கள். மாதம் 3 வீத வாடிக்கையாளர் விலகினால் சின்ன எண் போலத் தெரியும், ஆனால் ஆண்டு முடிவில் நூறு பேரில் 69 பேர்தான் மிஞ்சுவார்கள். புதுப்பிக்கும் மாதத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னால் பெக்டரியில் முற்பணம் கேட்டு வரிசை நிற்கும். அந்த நேரத்தில் ஆண்டு பில்லோடு போய் நிற்பது முறையும் இல்லை, பலனும் இல்லை. ஜூன், ஜூலை பரவாயில்லை, கொழுந்து கொட்டிய மாதங்களின் காசு கையில் இருக்கும்.

பெரிய பெருந்தோட்டக் கம்பெனிகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே முடிவெடுப்பது கொழும்பு, விலைமனு, குழு, மூன்று மாதக் கடன் என்று இழுபடும், இரண்டு பேர் கொண்ட உங்கள் நிறுவனம் அதைத் தாங்காது. ஆனால் கீழ் நாட்டை இப்போதே மனதில் வையுங்கள். சிறு தோட்டக்காரர்கள் அதிகம் இருப்பது இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம். நீங்கள் வளரப் போவது அங்கேதான். அங்கே விற்றுக் கொடுக்கவும், தராசு நின்றால் உடனே போய்ப் பார்க்கவும் உள்ளூர் முகவர் ஒருவர் வேண்டும். அவருக்கு 20 வீதம் கொடுத்த பிறகும் மிஞ்சுகிற விலையாக இன்றைய விலை இருக்க வேண்டும். 5,000 என்று தொடங்கியிருந்தால் அந்தக் கதவு இப்போதே மூடியிருக்கும்.

இனி அந்த மூன்று பெக்டரிகள். ‘மாதம் 40,000 கட்டுவீர்களா?’ என்று நேராகக் கேட்காதீர்கள். முகம் பார்த்து ஒரு பதில் வரும், அது உங்களுக்கு உதவாது. பீட்டர் வான் வெஸ்டெண்டார்ப் என்ற டச்சுப் பொருளியலாளர் 1976இல் நாலு கேள்விகளை வகுத்தார். எந்த விலையில் இது மலிவு, வாங்கலாம் என்று தோன்றும்? எந்த விலைக்குக் கீழே போனால் தரத்தில் சந்தேகம் வரும்? எந்த விலையில் ‘கொஞ்சம் கூடத்தான், யோசிக்க வேண்டும்’ என்று தோன்றும்? எந்த விலைக்கு மேலே பேச்சுக்கே இடமில்லை? அவர் இதை நிறையப் பேரிடம் கேட்டு வரைபடம் போடுவதற்காக வகுத்தார். மூன்று பேரை வைத்து வரைபடம் போட முடியாது, ஆனால் கேள்விகள் அருமையானவை. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள், ‘5,000க்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடுவீர்கள் என்று நினைப்பேன்’ என்று அவரே சொல்லக்கூடும். அதோடு கடைசியாகத் தராசு வாங்கியது எவ்வளவுக்கு, மாதக் கணக்கு முடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு இருக்கிறார்கள், போன வருடம் எத்தனை பேர் வேறு லொறிக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். இவை நடந்த விஷயங்கள், பதில் மழுப்பலாக வராது.

மூவரும் உங்களை முதலில் நம்பியவர்கள், அதற்கு மதிப்புக் கொடுங்கள். ஆனால் இலவசமாக நீட்டிக்க வேண்டாம். முழு விலையைத் தாளில் எழுதி, அதன் கீழே ஓராண்டுக்கு அரைவிலை என்று எழுதி, எந்தத் திகதி வரை என்பதையும் போடுங்கள். பதிலுக்கு, வேறு பெக்டரிக்காரர்களை அழைத்து வந்து காட்ட அனுமதி கேளுங்கள். மூவரில் கொழுந்து தட்டுப்பாடு அதிகம் உள்ளவரிடம் முதலில் போங்கள். மாதக் கணக்கு முடிக்கிற வாரத்தில் போக வேண்டாம், அது முடிந்த அடுத்த வாரம் போங்கள். லொறி ஓட்டுகிறவரையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது, தோட்டக்காரர்கள் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.